மருள் (உளவியல்)

மருள் என்பது ஒருவருடைய வழக்கமான தன்னுணர்வு ஒடுங்கி, வேறோர் ஆள், தெய்வம் அல்லது ஆவி தம்முள் நின்று பேசுவதாகவும் செயற்படுவதாகவும் அவரும் சூழ்ந்திருப்போரும் உணரும் உளநிலையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகும். சாமியாடுதல், அருள் வருதல், சன்னதம் வருதல், பேய் பிடித்தல் எனப் பல பெயர்களால் அறியப்படும் நிகழ்வுகள் இதனுள் அடங்கும். மனித மனத்தில் நனவுக்கு எட்டாத பகுதி ஒன்று இயங்குகின்றது என்னும் கருத்தும், அறிதுயில் (ஹிப்னாடிசம்) பற்றிய ஆய்வும், மருளைப் புரிந்துகொள்வதற்கு உதவுகின்றன. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் நிலப்பகுதியில் மருள் இன்றும் ஊர் வழிபாட்டின் ஓர் அங்கமாக உள்ளது. சொல்ல முடியாத துயரத்தை வெளிப்படுத்தும் வழியாகவும் அது அங்கு அமைந்துள்ளது.

சொற்பொருள்

மருள் என்னும் சொல்லுக்கு மயக்கம், தெளிவின்மை, வியப்பு ஆகிய பொருள்கள் உண்டு. தெளிவைக் குறிக்கும் 'தெருள்' என்பது இதன் எதிர்ச்சொல்லாகும். வழிபாட்டுச் சூழலில் வரும் மருளை மக்கள் 'அருள்' என்று உயர்வாகக் குறிப்பிடுவர். மருள் வந்து ஆடுபவர் மருளாடி, சாமியாடி எனப்படுவார். நெல்லை, குமரி வட்டாரங்களில் கோமரத்தாடி என்ற பெயரும் வழங்குகின்றது. உடுக்கை அடித்துக் குறி சொல்பவரைக் கரிசல் பகுதியில் கோடாங்கி என்பர்.

விரும்பத்தக்க மருளும் விரும்பத்தகாத மருளும் மக்கள் வழக்கில் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதலாவது சாமி, இரண்டாவது பேய். உளவியல் நோக்கில் இரண்டிலும் நிகழும் மாற்றம் ஏறக்குறைய ஒன்றேயாயினும், சமூகம் அவற்றுக்கு அளிக்கும் பொருளும், அவற்றால் ஒருவருக்கு விளையும் நன்மை தீமைகளும் பெரிதும் வேறுபடுகின்றன.

நனவு மனமும் நனவிலி மனமும்

ஒருவர் ஒரு நேரத்தில் தாம் அறிந்தே எண்ணும், உணரும், முடிவு செய்யும் பகுதி நனவு மனம் ஆகும். மனத்தின் இயக்கத்தில் இது ஒரு சிறு பகுதியே. கணினித் திரையில் ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கும்போதும் பின்னணியில் பல செயல்நிரல்கள் இயங்கிக் கொண்டிருப்பதை இதற்கு ஒப்புமையாகக் கூறலாம். மிதிவண்டி ஓட்டுபவர் சமநிலையைப் பற்றி எண்ணுவதில்லை. தாய்மொழியில் பேசுபவர் இலக்கண விதிகளை நினைத்துப் பேசுவதில்லை. இச்செயல்கள் நனவின் உதவியின்றியே நிகழ்கின்றன.

அறியாமலே நினைவில் நிற்பவையும் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் எடுவார் கிளாப்பரேது 1911 இல் வெளியிட்ட ஒரு நிகழ்வு இதற்குப் புகழ்பெற்ற சான்றாகும். புதிய நினைவுகளைச் சேமிக்க இயலாத ஒரு பெண்ணுடன் அவர் கைகுலுக்கும்போது, விரல்களுக்கிடையே மறைத்து வைத்திருந்த ஊசியால் குத்தினார். சற்று நேரத்தில் அப்பெண் அந்நிகழ்வை முற்றிலும் மறந்துவிட்டார். எனினும் மருத்துவர் மீண்டும் கையை நீட்டியபோது அவர் தம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் இழுத்தோம் என்பதற்குரிய உண்மைக் காரணம் அவருக்குத் தெரியவில்லை. நனவு மறந்ததை மனத்தின் வேறொரு பகுதி மறக்கவில்லை என்பதை இது காட்டுகின்றது.

சிக்மண்ட் பிராய்டு (1856-1939) நனவிலி மனத்தை வேறொரு கோணத்தில் விளக்கினார். ஏற்கவியலாத ஆசைகளும் வேதனை தரும் நினைவுகளும் நனவிலிருந்து விலக்கி அழுத்தப்படுகின்றன என்றும், அவை அழிந்துவிடாமல் கனவு, வாய்தவறல், காரணமற்ற அச்சம், உடல்நோவு ஆகியவற்றின் வடிவில் வெளிப்படுகின்றன என்றும் அவர் கூறினார். பிரான்சின் பியர் ழானே (1859-1947) 1889 இல் வெளியிட்ட நூலில், அதிர்ச்சியும் துயரமும் மனத்தின் ஒருமையைக் குலைத்து, அதன் ஒரு பகுதியைத் தனியே பிரித்து இயங்கச் செய்கின்றன என்றார். இது மனப்பிரிநிலைக் கொள்கை எனப்படும். பிராய்டின் கொள்கைகள் பலவும் பின்னாளில் கடுமையாக மறுக்கப்பட்டன. அழுத்தப்பட்ட நினைவுகள் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும் என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை. மனப்பிரிநிலைக் கொள்கையோ திருத்தங்களுடன் இன்றைய மருத்துவத்திலும் பயன்படுகின்றது.

இந்தியாவில் கிரீந்திரசேகர் போசு (1887-1953) மன அழுக்கம் பற்றிய தமது ஆய்வு நூலை 1921 இல் வெளியிட்டார். பிராய்டுடன் நீண்ட காலம் கடிதத் தொடர்பு கொண்டிருந்த அவர், 1922 இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

அறிதுயில்

அறிதுயில் என்பது கருத்தேற்றத்தின் மூலம் ஒருவரின் கவனத்தை ஒன்றில் குவித்து, புற நிகழ்வுகள் மீதான கவனத்தைக் குறைத்து, கூறப்படும் கருத்துகளை எளிதில் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருதலாகும். பெயரில் துயில் இருப்பினும் இது உறக்கம் அன்று. மூளை மின்னலை வரைவுகள் அறிதுயிலில் உள்ளவர் விழித்திருப்பதையே காட்டுகின்றன.

இதன் வரலாறு பெரும்பாலும் பிரான்சு அன்டன் மெசுமர் (1734-1815) என்பவரிலிருந்து தொடங்கப்படுகின்றது. உயிர்களில் ஒருவகைக் காந்தப் பாய்மம் ஓடுவதாகவும், அது தடைப்படுவதே நோய் எனவும் அவர் நம்பினார். பதினாறாம் லூயி மன்னர் 1784 இல் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியலாளர் இலவாசியேயும் இடம்பெற்றிருந்தனர். நோயாளிகளுக்குத் தெரியாமல் 'காந்தம்' செலுத்தியபோது எவ்வித விளைவும் ஏற்படவில்லை. செலுத்தப்படுவதாக அவர்கள் நம்பியபோது, செலுத்தாமலேயே விளைவு தோன்றியது. எனவே பாய்மம் என்று எதுவுமில்லை, விளைவுக்குக் காரணம் கற்பனையே எனக் குழு முடிவு செய்தது. கற்பனைக்கு உடலை இவ்வளவு ஆட்டிவைக்கும் ஆற்றல் எவ்வாறு வந்தது என்ற வினாவை அது ஆராயவில்லை.

அவ்வினாவைக் கையில் எடுத்தவர்களுள் ஒருவர் இந்தியர். கோவாவின் கண்டோலிம் ஊரில் 1756 இல் பிறந்த கத்தோலிக்கத் துறவி அபே பரியா, 1813 இல் பாரிசில் பொதுமக்கள் முன்னிலையில் செயல்விளக்கங்கள் நடத்தினார். துயிலச் செய்பவரிடம் தனி ஆற்றல் எதுவும் இல்லை, துயில்பவரின் மனத்திலேயே காரணம் உள்ளது என்பது அவர் கொள்கை. இன்றைய அறிவியல் நிலைப்பாட்டுக்கு இது மிக நெருக்கமானது. அவர் 1819 இல் பாரிசில் இறந்தார். பணஜி நகரில் 1945 இல் அவருக்குச் சிலை அமைக்கப்பட்டது.

இசுகாட்லாந்து மருத்துவர் ஜேம்சு பிரெய்டு 1843 இல் வெளியிட்ட நூலின் வழியாக, உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அமைந்த ஹிப்னாடிசம் என்னும் பெயர் பரவலாயிற்று. அதே காலத்தில் வங்காளத்தின் ஊக்ளியில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்சு எசுடெயில், 1845 முதல் இம்முறையால் வலியைக் குறைத்து, பெருங்கட்டிகளை அகற்றும் அறுவைகள் உட்படப் பல அறுவைகளைச் செய்தார். 1846 இல் கல்கத்தாவில் இதற்கெனத் தனி மருத்துவமனையும் ஏற்பட்டது. அதே ஆண்டில் ஈதரும், அடுத்த ஆண்டில் குளோரோபாரமும் மயக்க மருந்துகளாக அறிமுகமானதால் இம்முறை வழக்கொழிந்தது.

அறிதுயிலுக்கு ஆட்படும் இயல்பு எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அமெரிக்காவின் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1959 இல் உருவாக்கப்பட்ட அளவுகோலின்படி, சிறுபான்மையோர் மிக எளிதில் ஆட்படுகின்றனர், வேறு சிறுபான்மையோர் அறவே ஆட்படுவதில்லை, பெரும்பாலோர் இடைநிலையில் உள்ளனர். ஒருவரது இவ்வியல்பு ஆண்டுகள் பல கடந்தும் பெரிதாக மாறுவதில்லை. ஊர்க்கோயிலில் ஒரே கொட்டைக் கேட்டும் சிலர் மட்டும் ஆடுவதற்கு இவ்வியல்பும் ஒரு காரணமாகலாம்.

இலக்கியத்தில் மருள்

சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு, மருளைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ப் பதிவுகளுள் ஒன்றாகும். களவுக் காதலில் தலைவனைப் பிரிந்த தலைவி உடல் மெலிந்து, உணவை வெறுத்து, வாடுகிறாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியையும் வேலனையும் அழைக்கிறாள். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பியும் வேலன் கழங்கினை உருட்டியும் குறி பார்த்து, முருகன் அணங்கியதால் வந்த நோய் என்கின்றனர். களம் அமைத்து, ஆட்டுமறியைப் பலியிட்டு, வேலன் வேலேந்தி வெறியாடுகிறான். தோழி குறுக்கிட்டு இது தெய்வத்தால் வந்ததன்று என உணர்த்துவது 'வெறிவிலக்கல்' என்னும் துறையாகும். காதலை முறைப்படி வெளிப்படுத்துதல் 'அறத்தொடு நிற்றல்' எனப்படும்.

இத்துறை உளவியல் நோக்கில் கருதத்தக்கது. தலைவியின் நோய்க்குக் காரணம் அவளுக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு இடமில்லை. எனவே அது உடல் மெலிவாக வெளிப்படுகின்றது. அதைக் கண்டவர் தமக்குத் தெரிந்த மொழியில், அதாவது தெய்வத்தின் மொழியில், பொருள் கொள்கின்றனர். நோய் தீர்வது பலியால் அன்று, காரணம் வெளிப்படுவதால்.

சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர் குலத்துச் சாலினி என்பவள் தெய்வமுற்று ஆடிப் பேசுகிறாள். இங்கு மருள் நோயாக அன்றி, ஊரின் கடமைகளை நினைவூட்டும் குரலாக வருகின்றது. வெறியாட்டும் சாலினியின் ஆட்டமும் காட்டும் இவ்விரு வகையும் இன்றைய கரிசல் ஊர்களிலும் காணப்படுகின்றன.

கரிசல் நிலத்தில் மருள்

கரிசல் மண் களிமண் மிகுந்தது. நனைந்தால் உப்பிக் காலில் ஒட்டும், காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். ஆற்றுப் பாசனம் குறைந்த இப்பகுதியில் வேளாண்மை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி வேளாண்மையாகும். புரட்டாசி, ஐப்பசியில் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி முதலியவற்றை விதைத்துத் தை, மாசியில் வெள்ளாமை எடுப்பர். ஒரு மழை தவறினால் ஓராண்டு உழைப்பும் தவறும். குலதெய்வ வழிபாடுகள் பெரும்பாலும் வெள்ளாமை வீடு வந்த பின்னரே நிகழ்கின்றன. மாசிச் சிவராத்திரியிலும் பங்குனி உத்திரத்திலும் வெளியூர் சென்றவர்களும் தம் குலதெய்வக் கோயிலுக்குத் திரும்பி வருவர். அய்யனார், கருப்பசாமி, சுடலைமாடன், முனியசாமி, காளியம்மன், பேச்சியம்மன் முதலிய தெய்வங்களுக்குப் பொங்கலும் படையலும் இடப்படும். சாத்தூருக்கு அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று பெருங்கூட்டம் கூடும்.

சாமியாட்டம் ஒழுங்கற்ற வெறியன்று. யார் எந்தச் சாமிக்கு ஆடுவது என்பது பெரும்பாலும் குடும்ப வழி உரிமையாகும். சாமியாடி விரதம் இருப்பார். உறுமி, பம்பை, உடுக்கை ஆகியவற்றின் தாளம் விரைவடைய, பெண்கள் குலவையிட, அவர் உடல் நடுங்கத் தொடங்கும். வில்லுப்பாட்டு நடைபெறும் இடங்களில், தெய்வத்தின் பிறப்பையும் கொலையுண்ட கதையையும் பாடி வந்து, உரிய கட்டத்தில் 'வரத்து' பாடும்போது மருள் வரும். ஆடுபவர் குறி சொல்வார், திருநீறு பூசுவார், தீச்சட்டி ஏந்துவார், பூக்குழி இறங்குவார். கொட்டு நின்று, நீர் தெளித்துத் திருநீறிட்டதும் மருள் இறங்கும். ஆடியபோது பேசியவை நினைவில்லை என்று பலர் கூறுகின்றனர்.

பேய்பிடித்தல் இவ்வாறு திட்டமிட்டு வருவதன்று. திருமணமாகிப் புதிதாக வந்த பெண்கள், பிள்ளையில்லாதவர், குழந்தையைப் பறிகொடுத்தவர், குடிகாரக் கணவரிடம் துன்புறுபவர் ஆகியோரிடம் இது மிகுதியாகச் சொல்லப்படுகின்றது. அகால மரணம் அடைந்த ஒருவரின் ஆவி பிடித்ததாகக் கருதி, கோடாங்கியிடமோ கோயிலுக்கோ அழைத்துச் செல்வர். உடுக்கையொலிக்கிடையே பேயின் பெயர், ஊர், இறந்த விதம், வேண்டுவது யாது என்பன கேட்கப்படும். பேய் சத்தியம் செய்து விலகச் சம்மதித்ததும், பெண்ணின் உச்சிமுடியில் சிறிது எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து இறுக்குவர்.

இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது பேச்சு மாறும் விதம். மாமியாரை 'அத்தை' என்று பணிந்து அழைக்கும் மருமகள், மருளில் அவரை ஒருமையில் விளித்து அதட்டுகிறாள். புகுந்த வீட்டின் குறைகளைப் பலர் முன்னிலையில் எடுத்துரைக்கிறாள். மருமகளாகச் சொன்னால் அடங்காதவள் எனப்படும் சொல், பேயின் சொல்லாக வரும்போது செவிமடுக்கப்படுகின்றது. விழித்தபின் அவள் அதற்குப் பொறுப்பாளியும் அல்லள்.

துயரத்தின் மொழி

பிரித்தானிய மானிடவியலாளர் ஐ. எம். லூயிசு 1971 இல் வெளியிட்ட நூலில், அதிகாரமற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், தம் குறையை நேரே எதிர்க்காமல் எடுத்துரைப்பதற்கு ஆவிபிடித்தல் வழியாகின்றது என வாதிட்டார். தமிழகத்தின் தென் ஆர்க்காட்டுப் பகுதியில் ஆய்வு செய்த இசபெல் நபகோவ் (2000), தென்தமிழகத்தில் ஆய்வு செய்த கல்பனா ராம் (2013) ஆகியோரும் பெண்களின் மருளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மருள் உலகின் ஒரு மூலைக்கு உரியதன்று. எரிக்கா பூர்கின்யோன் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், எடுத்துக்கொள்ளப்பட்ட 488 சமூகங்களுள் 437 இல் நனவு மாறும் நிலைகள் ஏதேனும் ஒரு வடிவில் வழக்கமாக ஏற்கப்பட்டிருந்தன.

இதனை நடிப்பு எனத் தள்ளிவிடுவது பொருந்தாது. மருளில் இருப்பவர் திட்டமிட்டுப் பொய்யுரைப்பதில்லை. அதே வேளை, முற்றிலும் அவருக்கு அயலான ஒன்று பேசுவதாகவும் கொள்ள வேண்டியதில்லை. அவர் வளர்ந்த ஊரில் சாமியும் பேயும் எவ்வாறு ஆடும், எவ்வாறு பேசும் என்பதைக் குழந்தைப் பருவம் முதல் கண்டு கேட்டுக் கற்றிருக்கிறார். மொழியின் இலக்கணத்தைப் போலவே இக்கல்வியும் நனவின் உதவியின்றி இயங்குகின்றது. துயரம் அவருடையது, அது எடுத்துக்கொள்ளும் வடிவம் ஊருடையது.

ஆயினும் இவ்வழிக்கு எல்லை உண்டு. பேய் ஓட்டப்பட்டபின் வீட்டார் நடத்தை மாறினால் மருள் திரும்புவதில்லை. மாறாவிடில், ஆணியடித்த சில திங்களில் மீண்டும் வரலாம். கேட்கப்பட்டது பேயின் விருப்பமாகவே எஞ்சி, பெண்ணின் குறையாக உணரப்படாமல் போவதும் உண்டு. ஆண்கள் துயரத்தை இவ்வாறு பேசுவதற்குரிய வாய்ப்பு குறைவு. மழை பொய்த்துக் கடன்பட்ட உழவரின் மனச்சோர்வு உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, உடல் எரிச்சல், குடி ஆகிய வடிவங்களில் வெளிப்பட்டு, மனநோயாக அறியப்படாமலே போகக்கூடும்.

மருளும் அறிதுயிலும்

இரண்டுக்கும் இடையே பல ஒற்றுமைகள் உள்ளன.

- கவனம் ஒன்றில் குவிதல். அறிதுயிலில் குரலும், மருளில் கொட்டும் பாட்டும் இதனைச் செய்கின்றன.
- எதிர்பார்ப்பு. நிகழும் என்று நம்புபவரிடமே இரண்டும் எளிதில் நிகழ்கின்றன.
- செயல் தன்னால் நிகழ்வது போன்ற உணர்வு. கை தானாக உயர்ந்தது என்று அறிதுயிலிலும், சாமி ஆட்டியது என்று மருளிலும் கூறுவர்.
- வலி குறைதல், பின்னர் மறதி ஏற்படுதல்.

வேறுபாடுகளும் உண்டு. அறிதுயில் பொதுவாக அமைதியான நிலை, மருள் உடலை உலுக்கும் நிலை. அறிதுயிலில் ஒருவர் கருத்தேற்ற, மற்றவர் ஏற்கிறார். மருளில் ஊர் முழுவதும் சேர்ந்து கருத்தேற்றுகின்றது. அறிதுயிலில் தன்னடையாளம் மாற வேண்டியதில்லை. மருளில் அம்மாற்றமே மையமாகும். பூக்குழி இறங்குதலை மருளுக்கு மட்டும் உரிய சான்றாகக் கொள்ளுதல் தவறு. தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதாலும், கால் அதில் படும் நேரம் குறைவாதலாலும், விரைந்து நடப்பவர் பெரும்பாலும் காயமின்றிக் கடக்கின்றனர்.

இவ்விரண்டையும் நேரடியாக இணைத்துப் பார்த்தவர் ஆபிரகாம் கோவூர் (1898-1978). கேரளத்தின் திருவல்லாவில் பிறந்த இவர், 1928 இல் இலங்கை சென்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிற பள்ளிகளிலும் தாவரவியல் கற்பித்தார். ஓய்வு பெற்றபின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவராக, பேய் பிடித்ததாகவும் கல்லெறி விழுவதாகவும் கூறப்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று அறிதுயில் முறையால் ஆய்வு செய்தார். பல நிகழ்வுகளில், கவனிக்கப்படாத அல்லது அஞ்சி வாழ்ந்த குடும்ப உறுப்பினர் ஒருவரே காரணம் எனவும், அவருடைய மனக்குறை தீர்ந்ததும் 'பேய்' அகன்றது எனவும் எழுதினார். அவர் ஆய்வுக்குறிப்பு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1972 இல் மலையாளத்தில் புனர்ஜன்மமும், அடுத்த ஆண்டு தமிழில் மறுபிறவியும் திரைப்படங்களாக வந்தன. அவரது துணிவும் பரிவும் போற்றப்பட்டாலும், அறிதுயிலில் கிடைக்கும் நினைவுகளை உண்மையென்று கொள்வதில் இன்றைய ஆய்வாளர்கள் அவரைவிட மிகுந்த எச்சரிக்கை காட்டுகின்றனர்.

மருத்துவ நோக்கு

உலக நலவாழ்வு அமைப்பின் பத்தாவது பன்னாட்டு நோய் வகைப்பாடு, மருளையும் ஆவிபிடித்தலையும் மனப்பிரிநிலைக் கோளாறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. பதினோராவது பதிப்பு இவற்றை இரண்டாகப் பிரித்துள்ளது. ஆயினும் சமய, பண்பாட்டு வழக்கத்தின் பகுதியாக ஏற்கப்பட்ட மருள் நோயன்று என்பதை இரண்டுமே தெளிவாகக் கூறுகின்றன. விருப்பமின்றி வருவது, வழக்கச் சூழலுக்கு வெளியே வருவது, துன்பத்தையோ வாழ்க்கைச் செயற்பாட்டில் குறைவையோ உண்டாக்குவது ஆகியவையே அதனை நோயாக்குகின்றன. எனவே கொடையில் ஆடும் சாமியாடிக்கு மருத்துவம் தேவையில்லை.

பேய் எனக் கருதப்படும் எல்லாமே மருள் அல்ல என்பதே நடைமுறையில் மிக முதன்மையானது. பின்வருவன காணப்பட்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

- யாருமில்லாதபோது குரல் கேட்டல், பிறர் தமக்குக் கேடு செய்வதாக வாரக்கணக்கில் ஐயுறுதல், தன்னைப் பேணாமை. இவை மனச்சிதைவு போன்ற நோய்களின் அறிகுறிகளாகலாம்.
- திடீரென நினைவிழந்து விழுதல், கை கால் வெட்டியிழுத்தல், நாக்கைக் கடித்துக்கொள்ளுதல். இவை கால்-கை வலிப்பின் அறிகுறிகளாகலாம்.
- மகப்பேற்றுக்குப் பிந்தைய நாள்களில் உறக்கமின்மை, குழப்பம், குழந்தை பற்றிய விபரீத எண்ணங்கள். இது அவசர நிலையாகும்.
- காய்ச்சலுடன் கூடிய பிதற்றல். மூளைத் தொற்றாக இருக்கலாம்.
- சாக வேண்டும் என்ற பேச்சு. இது மருளில் வந்தாலும் விழிப்பில் வந்தாலும் பொருட்படுத்தத்தக்கது.

இவற்றுக்குக் கோயிலை மட்டும் நம்பியிருத்தல் உயிருக்கே கேடாகலாம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் 2001 ஆகத்து 6 ஆம் நாள் அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கின்றது.

இதன் மறுபக்கமும் பதிவாகியுள்ளது. பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த இரகுராமும் பிறரும் 2002 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய கடும் மனநோயாளர் 31 பேரின் அறிகுறிகள், சராசரியாக ஆறு வாரத் தங்கலில், அளவுகோலின்படி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்குத் தனிச் சடங்கோ அடியோ கிடையாது. கோயிலைக் கூட்டுவதும் செடிக்கு நீர் ஊற்றுவதும் உறவினர் உடனிருப்பதுமே நடந்தன. பரிவான, அச்சுறுத்தாத சூழலே பயன் தந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வாதலின், இது மருந்துக்கு மாற்று எனக் கொள்ளுதல் தகாது. ஏர்வாடியில் பின்னர் வழிபாட்டுடன் மருத்துவத்தையும் சேர்த்து வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது.

மனப்பிரிநிலைக் கோளாறுக்குப் பேச்சு வழி மருத்துவமே முதன்மையானது. குறையைப் பாதுகாப்பாகச் சொல்ல இடமளித்தலும், குடும்பத்தாரை அழைத்துப் பேசுதலும் அதன் பகுதிகளாகும். அறிதுயில் துணைமுறையாகப் பயன்படலாம். வலி, குடல் உறுத்தல் நோய் ஆகியவற்றில் அதன் பயனுக்கு ஓரளவு நல்ல சான்று உள்ளது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

தவறான கருத்துகள்

அறிதுயிலில் உள்ளவர் செய்பவரின் அடிமையாகிவிடுவார் என்பது தவறு. அவர் விரும்பினால் விழிக்க முடியும். எனினும் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவோர் இருக்கலாமாதலின், தகுதி பெற்ற மருத்துவரையோ உளவியலாளரையோ மட்டும் நாடுதல் நலம்.

ஆழ்மனம் எல்லாவற்றையும் ஒளிப்படம் போலப் பதிந்து வைத்துள்ளது, அறிதுயிலில் அதனை வெளிக்கொணரலாம் என்பதும் தவறு. நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டமைக்கப்படுகின்றது. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் இலாப்டசு 1974 முதல் செய்த ஆய்வுகள், கேட்கப்படும் கேள்வியின் சொற்களே நினைவை மாற்றிவிடும் எனக் காட்டின. அறிதுயில் நினைவின் சரித்தன்மையைக் கூட்டுவதைவிட, தவறான நினைவின் மீதுள்ள உறுதியைக் கூட்டக்கூடும். முற்பிறவி நினைவுகள் எனக் கூறப்படுபவையும் இவ்வகையினவே.

துயரம் அனைத்தும் ஆழ்மனத்தில் விளைவது, எண்ணத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்பதும் முழு உண்மையன்று. தன்னைத் தாழ்த்தும் எண்ணங்கள் பழக்கத்தால் தாமாக எழுவதும், அவற்றை இனங்கண்டு திருத்துவதால் மனச்சோர்வு குறைவதும் மெய்யே. ஆனால் பொய்த்த மழையும் வட்டிக் கடனும் வீட்டில் விழும் அடியும் எண்ணங்கள் அல்ல. அவற்றுக்குரிய தீர்வு வெளியுலகில் காணப்பட வேண்டியது. உள்ளத்துக்குரியதையும் ஊருக்குரியதையும் பிரித்தறிய உதவுவதே நல்ல மருத்துவத்தின் முதற்பணியாகும்.

உதவி பெறுதல்

தேசிய மனநலத் திட்டம் 1982 இல் தொடங்கப்பட்டது. அதன் கீழ் இயங்கும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழி அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் கிடைக்கின்றது. 2022 அக்டோபர் 10 ஆம் நாள் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் 'டெலி மானசு' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே தொடர்பு கொள்ளலாம். மருத்துவரிடம் செல்லும்போது ஊரில் கோடாங்கியிடம் சென்றதையோ கோயிலில் தங்கியதையோ மறைக்க வேண்டியதில்லை. மருளில் என்ன பேசப்பட்டது என்பதை உடனிருந்தோர் நினைவில் வைத்துச் சொல்வது, நோயை அறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.